அரிசியா, பணமா? விருப்பத்தை அறியும் பொருளியல்

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைகளுக்கு ஒரு காலத்தில் நிறம் இருந்தது. பச்சை அட்டைக்காரருக்கு அரிசி உண்டு. வெள்ளை அட்டைக்காரருக்கு அரிசி கிடையாது. அதற்கு ஈடாகக் கூடுதல் சர்க்கரை. எந்தப் பொருளும் வேண்டாம், அடையாளத்துக்கு அட்டை இருந்தால் போதும் என்பவர்களுக்குப் பண்டகமில்லா அட்டை. 2017-இல் மின்னணு அட்டை வந்து நிறங்கள் மறைந்த பிறகும் இந்தப் பிரிவுகள் நீடித்தன. அரிசியா, சர்க்கரையா என்ற கேள்விக்குக் குடும்பம் சொன்ன பதில் அட்டையிலேயே பதிந்திருந்தது.

நுகர்வோர் விருப்பத்தைப் பற்றிய பாடத்தைப் பொருளியல் நூல்கள் வழக்கமாக இரண்டே பொருள்களை வைத்துத் தொடங்கும். ஆப்பிளும் ஆரஞ்சும் என்பார்கள். மாணவர் மனத்துக்குள் ஒரு நுகர்வோரைப் படைத்துக்கொண்டு அவருக்கு எது எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போடுவார். இங்கே சுமார் 2 கோடி அட்டைகள் கொண்ட ஒரு மாநிலம் அந்தக் கேள்வியை மெய்யாகவே கேட்டு, பதிலையும் வாங்கி வைத்திருந்தது. சொந்த ஊரில் வயல் இருந்து ஆண்டுக்கு இரண்டு முறை மூட்டை வந்திறங்கும் வீடு சர்க்கரையைக் கேட்டது. கூலி வேலைக்குப் போகும் வீடு அரிசியைக் கேட்டது. வருமானச் சான்றிதழ் சொல்லாத சங்கதிகளை இந்தத் தேர்வு சொல்லியது.

2019 நவம்பரில் ஒன்று நடந்தது. சர்க்கரை அட்டை வைத்திருந்த ஏறத்தாழ 10 லட்சம் குடும்பங்கள், விரும்பினால் அரிசி அட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பொங்கல் பரிசான 1000 ரூபாய் அரிசி அட்டைக்கு மட்டுமே என்றிருந்த நேரம் அது. பலர் மாறினார்கள். அவர்களுக்குத் திடீரென்று அரிசியின் மேல் ஆசை வந்துவிட்டதா? இல்லை. அவர்கள் முன் இருந்த தட்டுகள்தான் மாறின. முன்பு ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் சர்க்கரை. இப்போது ஒரு தட்டில் அரிசியோடு 1000 ரூபாயும் சேர்ந்துகொண்டது. விருப்பம் வேறு, விருப்பத்தைச் செலுத்தக் கிடைக்கும் வாய்ப்பு வேறு என்பதுதான் நுகர்வோர் கோட்பாட்டின் முதல் பாடம். மனிதர்கள் மாறி நடந்தால் மனம் மாறிவிட்டது என்று உடனே எழுதிவிடக் கூடாது. முதலில் வாய்ப்புகளைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தை மறந்ததால் நம் காலத்தில் ஒரு பெரிய விவாதம் கோணலாகிவிட்டது என்று நான் கருதுகிறேன். ரேஷனில் பொருளாகக் கொடுப்பதா, அதன் மதிப்பைப் பணமாகக் கொடுப்பதா என்ற விவாதம் அது. பணமே மேல் என்பவர்கள் பொருளியலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அளவிலிருந்து வரிசைக்கு

ஒரு பொருளிடமிருந்து ஒருவர் பெறும் நிறைவைப் 'பயன்பாடு' என்கிறோம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

1738-இல் டேனியல் பெர்னூலி ஒரு சூதாட்டப் புதிரை விடுவிக்க முயன்றபோது, பணம் கூடக்கூடக் கடைசியாகச் சேரும் ரூபாயின் அருமை குறைகிறது என்ற எண்ணத்தை முன்வைத்தார். கையில் 500 ரூபாய் உள்ளவருக்கு இன்னொரு 500 கிடைப்பதும், 5 லட்சம் உள்ளவருக்கு அதே 500 கிடைப்பதும் ஒன்றல்ல. நாமெல்லாம் அறிந்த செய்திதான். அதைக் கணக்கின் மொழியில் சொன்னதுதான் புதிது. 1854-இல் கோசென் என்ற ஜெர்மானியர் இதே சிந்தனையை நுகர்வுப் பொருள்கள் அனைத்துக்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். யாரும் வாங்கவில்லை. மனம் நொந்து பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். 1871-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸும் ஆஸ்திரியாவில் மெங்கரும், 1874-இல் லோசானில் வால்ராவும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' பாடநூலுக்குள் ஏறியது.

விதி சொல்வது இது. ஒரு வீட்டுக்கு மாதத்தின் முதல் கிலோ அரிசி பசியைத் தணிக்கிறது. பத்தாவது கிலோ வயிற்றை நிறைக்கிறது. முப்பதாவது கிலோ டப்பாவில் கிடந்து வண்டு பிடிக்கிறது. பொருளின் மதிப்பு அதன் மொத்தத்தில் இல்லை, கடைசியாகச் சேரும் அலகில் இருக்கிறது. ரேஷன் அரிசியைச் சில வீடுகள் வந்த விலைக்கு விற்றுவிடுகின்றன. அந்த அரிசி சேகரிக்கப்பட்டு மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. சட்டப்படி குற்றம்தான். அரசு பெரும் பணம் செலவிட்டுக் கொண்டுவந்த கிலோ, அந்த வீட்டுக்கு அற்ப விலையே பெறும் கிலோவாக இருந்தது என்பதையும் அந்த விற்பனை காட்டுகிறது. இறுதிநிலை என்ற கருத்து நம் தெருவில் புழங்கும் இடம் அதுதான்.

ஆனால் அன்றைய அறிஞர்கள் இத்தோடு நிற்கவில்லை. நிறைவை எடை போல நிறுத்து எண்ணில் சொல்ல முடியும் என்று நம்பினார்கள். 1881-இல் எட்ஜ்வொர்த், மனிதரின் இன்பத்தை நொடிக்கு நொடி பதிவு செய்யும் ஒரு கற்பனைக் கருவியைப் பற்றியே எழுதினார். அப்படி ஒரு கருவி வரவில்லை. என் மகிழ்ச்சியையும் உங்கள் மகிழ்ச்சியையும் ஒரே தராசில் வைக்க வழி கிடைக்கவில்லை.

பாரெட்டோ 1906-இல் வேறு வழி காட்டினார். எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு தேவையில்லை. எது எதைவிடப் பிடிக்கும் என்ற வரிசை இருந்தால் போதும். 1934-இல் ஹிக்ஸும் ஆலனும் இதைத் துலக்கி எழுதினார்கள். அரிசி எத்தனை அலகு இன்பம் தருகிறது என்று கேட்க வேண்டாம். ஒரு கிலோ அரிசியை விட்டுக்கொடுக்க எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று கேட்டால் போதும். அந்தப் பரிமாற்ற அளவுக்கு 'இறுதிநிலைப் பதிலீட்டு வீதம்' என்று பெயர். வீட்டில் அரிசி நிறைந்து சர்க்கரை குறைந்திருந்தால், கொஞ்சம் சர்க்கரைக்காக நிறைய அரிசியைக் கொடுக்க மனம் வரும். நிலைமை மாறினால் மனமும் மறுபக்கம் சாயும். ஒரு குடும்பத்துக்குச் சமமாகவே படும் அரிசி-சர்க்கரைச் சேர்க்கைகளையெல்லாம் புள்ளிகளாக வைத்து இணைத்தால் கிடைப்பதே சமநோக்கு வளைகோடு. வருமானமும் விலைகளும் எந்தப் புள்ளி வரை எட்ட விடுகின்றன என்பதைக் காட்டுவது விலைக்கோடு. எட்டக்கூடிய இடங்களில் மிக உயர்ந்த வளைகோட்டை விலைக்கோடு தொடும் புள்ளியில் நுகர்வோர் நிற்பார் என்பது கோட்பாடு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1938-இல், சாமுவல்சன் இன்னும் ஒரு அடி முன்னே வைத்தார். அப்போது அவருக்கு வயது 22. மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதே வேண்டாம் என்றார் அவர். அரிசியும் சர்க்கரையும் இரண்டுமே எட்டும் தொலைவில் இருக்கும்போது ஒருவர் அரிசியை எடுத்தால், அவர் தம் விருப்பத்தை வெளிப்படுத்திவிட்டார். அதே நிலைமையில் நாளை சர்க்கரையை எடுத்தால் முரண். இந்த இணக்கம் ஒன்றே நாம் கேட்க வேண்டியது.

இந்தப் பயணத்தில் பொருளியல் தன் பெருமையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இன்பத்தை அளப்பேன் என்று புறப்பட்டு, வரிசையை அறிந்தால் போதும் என்று தணிந்து, தேர்வை மட்டும் பார்ப்பேன் என்று ஒதுங்கியது. எனக்கு இந்தப் பணிவு பிடிக்கும். எது உங்களுக்கு நல்லது என்று உங்களுக்குமேல் எனக்குத் தெரியும் என்று சொல்லும் உரிமையை அது தானாகவே கைவிட்டது.

நிரூபணமும் அதன் நிபந்தனைகளும்

1939-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உணவு முத்திரைத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டங்களை ஆராய்ந்து 1945-இல் ஹெர்மன் சவுத்வொர்த் எழுதிய கட்டுரைதான் இன்றைய பணம்-பொருள் விவாதத்தின் வேர். அவர் வாதத்தை நம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வீட்டுக்கு மாதம் 30 கிலோ அரிசி தேவை. கடையில் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு 20 கிலோவை இலவசமாகக் கொடுக்கிறது. வீடு மீதி 10 கிலோவை வாங்குகிறது. அந்த 20 கிலோவுக்குப் பதில் 800 ரூபாய் கொடுத்திருந்தால் வீடு 30 கிலோவையும் வாங்கியிருக்கும். கடைசியில் அதே அரிசி, அதே மிச்சப் பணம். இரண்டும் ஒன்றே. இப்போது 12 கிலோ மட்டுமே சாப்பிடும் இன்னொரு வீட்டைப் பாருங்கள். அதற்கு 20 கிலோ அரிசி கொடுத்தால் 8 கிலோ மிகை. 800 ரூபாய் கொடுத்தால் 12 கிலோ வாங்கிக்கொண்டு 320 ரூபாயைப் பாலுக்கோ பாடப்புத்தகத்துக்கோ வைத்துக்கொள்ளும். ஆக, பணம் ஒரு வீட்டுக்குச் சமம், இன்னொரு வீட்டுக்கு மேல், எந்த வீட்டுக்கும் கீழ் இல்லை. பணத்தைக் கொடுத்தால் பொருளைக் கொடுப்பதில் அடங்கியிருக்கும் வாய்ப்புகள் எல்லாம் அதற்குள் அடங்கும், கூடுதலாகவும் சில இருக்கும்.

அழகான வாதம். தவறே இல்லாத வாதம். இதைப் படித்தவர் ஊருக்குப் போய் "பணம் வேண்டுமா, அரிசி வேண்டுமா?" என்று கேட்டால், எல்லோரும் பணம் என்றோ, இரண்டும் ஒன்றுதான் என்றோ சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லவில்லை. 2011-இல் ரீதிகா கெரா ஒன்பது மாநிலங்களில் 1200-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினர் உணவுப் பொருளே வேண்டும் என்றார்கள். பணம் கேட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. தமிழ்நாடு போல ரேஷன் கடை ஒழுங்காகத் திறந்து, அளவு குறையாமல் போடும் இடங்களில் அரிசிக்கே ஆதரவு. கடை திறப்பதே அரிதாக இருந்த பீகாரில் பணத்துக்கு ஆதரவு.

இந்தப் பதில்களைக் கேட்டதும் மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்வது எளிது. நான் அதை ஏற்கவில்லை. சவுத்வொர்த்தின் நிரூபணம் சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. இரண்டு அரிசியும் ஒரே அரிசி. விலை 40-லேயே நிற்கும். பணம் முழுதாக வந்து சேரும். வீடு என்பது ஒரே மனம். மக்கள் அந்த நிபந்தனைகள் தங்கள் தெருவில் நிறைவேறுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்கள்.

முதல் நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் ரேஷன் அரிசிக்கும் கடை அரிசிக்கும் வேலை வேறு. ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குவார்கள். நல்ல லாட் வந்த மாதம் சோறும் அதிலேயே வேகும். பொருளியலில் இதற்கு இடம் உண்டு. 1959-இல் வெளிவந்த தம் நூலில் டெப்ரூ, ஒரு பண்டத்தை அதன் தன்மையோடு நிறுத்தாமல், அது கிடைக்கும் இடத்தையும் நாளையும் சேர்த்தே வரையறுத்தார். நடந்து போகும் தூரத்தில், மாதத் தொடக்கத்தில் கிடைக்கும் ரேஷன் அரிசி ஒரு பண்டம். பஸ் ஏறிப் போய், கூலி கிடைத்த நாளில், ஒன்றும் இரண்டும் கிலோவாக வாங்கும் அரிசி இன்னொரு பண்டம். இரண்டுக்கும் ஒரே விலைச் சீட்டை ஒட்டி 800 ரூபாய் என்று சொல்வதில் கணக்கு தொடக்கத்திலேயே வழுக்குகிறது.

விலை விஷயம் இன்னும் கனமானது. அரிசி கிலோ 40-இலிருந்து 55-க்கு ஏறினால் 20 கிலோ அரிசி 20 கிலோ அரிசியாகவே இருக்கும். 800 ரூபாய் 14 கிலோ சொச்சமாகச் சுருங்கும். பெர்னூலியை இங்கே திரும்ப அழைக்க வேண்டும். கடைசி ரூபாயின் அருமை ஏழைக்கு அதிகம் என்றால், இழப்பின் வலியும் அவருக்கு அதிகம். விலை இறங்கிய மாதத்தின் லாபம் விலை ஏறிய மாதத்தின் பட்டினியை ஈடுகட்டாது. அதனால் சராசரியில் இரண்டும் சமமாக இருந்தாலும், ஏற்ற இறக்கம் இல்லாததையே அவர் விரும்புவார். ரேஷன் அரிசி என்பது உணவும் விலையேற்றத்துக்கு எதிரான காப்பீடும் சேர்ந்த ஒன்று. கடேன், நாரிஸ், சிங்கால், சுக்தங்கர் ஆகியோர் இந்தியத் தரவுகளை வைத்து இந்தக் காப்பீட்டுப் பங்கைக் காட்டியிருக்கிறார்கள்.

போதாததற்கு, உதவி வரும் வழியே விலையையும் அசைக்கிறது. தென் மெக்சிகோவின் சிற்றூர்களில் சிலவற்றுக்கு உணவுப் பொருளும் சிலவற்றுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். கூனாவும் டி ஜார்ஜியும் சீமா ஜெயச்சந்திரனும் அதை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பொருள் வந்து இறங்கிய ஊர்களில், பணம் வந்த ஊர்களோடு ஒப்பிட, உணவு விலை தணிந்திருந்தது. ஒதுக்குப்புறமான ஊர்களில் அந்த வேறுபாடு பெரிது. ஊருக்குள் அரிசி வந்தால் அட்டை இல்லாதவரும் கொஞ்சம் மலிவாக வாங்குவார். பணம் மட்டும் வந்தால் கடைக்காரர் விலையை ஏற்ற இடம் உண்டாகும். விலைக்கோட்டை நிலையாக வரைந்துவிட்டு வாதாடியவர்கள் கோட்டையே நகர்த்தும் கையைப் பார்க்கவில்லை.

இலவச அரிசியால் என்ன மாறியது

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். அரிசி இலவசம் என்றால் மக்கள் சோற்றையே தின்று தீர்ப்பார்கள் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. நுகர்வோர் கோட்பாட்டின் மிக நுட்பமான பகுதி இந்தக் கவலைக்குப் பதில் சொல்கிறது.

ஒரு பொருள் மலிவாகும்போது இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. மற்றவற்றைவிட இது மலிவு என்பதால் இதன் பக்கம் திரும்புவது பதிலீட்டு விளைவு. கையிலிருந்த பணம் மிச்சப்பட்டுச் சற்று வசதியானது போல் ஆவது வருமான விளைவு. 1915-இல் ரஷ்யரான ஸ்லட்ஸ்கி இத்தாலிய இதழ் ஒன்றில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். உலகம் அதைக் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின. மிக வறியவரின் முதன்மை உணவில் வருமான விளைவு பதிலீட்டு விளைவையே தோற்கடிக்கலாம். அரிசி மலிந்தால் அரிசியைக் குறைத்து மீன் வாங்குவார்; அரிசி விலை ஏறினால் மீனை விட்டுவிட்டு அரிசியைக் கூட்டுவார். மார்ஷல் இந்தக் கருத்தை ராபர்ட் கிஃபன் பெயரில் எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் இதற்கு உறுதியான சான்று கிடைக்காமல் இருந்தது. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஏழை வீடுகளுக்கு அரிசிக்கு விலைச் சலுகை கொடுத்துப் பார்த்த ஜென்சனும் மில்லரும், சலுகை கிடைத்ததும் அரிசி நுகர்வு குறைந்ததை 2008-இல் காட்டினார்கள். வயிற்றை நிரப்ப வேண்டிய கட்டாயம் தளர்ந்ததும் அவர்கள் ருசியின் பக்கம் திரும்பினார்கள்.

நம் இலவச அரிசி கிஃபன் பொருள் என்று நான் சொல்லவில்லை. அட்டைக்கு இத்தனை கிலோ என்று வரம்பு கட்டிய பொருளுக்கு அந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. வரம்புக்கு மேல் கடையில் வாங்கும் வீட்டுக்கு அடுத்த கிலோவின் விலை மாறவே இல்லை; ஆக அங்கே வேலை செய்வது வருமான விளைவு மட்டும்தான். அரிசிக்குப் போயிருக்க வேண்டிய பணம் முட்டைக்கும் காய்க்கும் பள்ளி வேன் கட்டணத்துக்கும் போகிறது. இலவச அரிசியின் பயனை அரிசிப் பானைக்குள் மட்டும் தேடுகிறவர்கள் அதனால்தான் அதைக் காணாமல் திரும்புகிறார்கள்.

வீடு ஒரே மனம் அல்ல

விருப்ப வரிசை யாருடையது? பாடநூல் 'நுகர்வோர்' என்று ஒருமையில் சொல்லும். வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள்.

பிரிட்டனில் 1970-களின் இறுதியில் குழந்தைகளுக்கான உதவி தந்தையின் சம்பளத்தோடு வருவதை விட்டு தாயின் கைக்கு வரும்படி மாற்றப்பட்டது. குடும்பத்தின் மொத்த வருமானம் அதேதான் என்றால் செலவு மாறக் கூடாது. லுண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் ஆகியோர் 1997-இல் காட்டியபடி, ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிடப் பெண்கள், குழந்தைகளின் உடைச் செலவு கூடியது. பணம் யார் கையில் ஏறுகிறதோ அவருடைய வரிசைக்குக் கனம் கூடுகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-இல் மாதம் 1000 ரூபாயுடன் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பெண்ணின் கணக்கிலேயே செலுத்துவதற்கு இந்த அறிவே அடிப்படை, யார் அதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

அரிசியை விரும்பும் பெண்கள் சொல்லும் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அரிசி வந்தால் நேரே அடுப்படிக்குப் போகும். பணம் வந்தால் அதற்குக் கேட்கும் வாய்கள் பல: கந்துவட்டிக்காரர், மதுக்கடை, திருவிழா வரி. பொருளாக வரும் உதவி, வீட்டுக்குள் நடக்கும் பேரத்தில் அடுப்படிக்காரியின் கையைப் பலப்படுத்துகிறது. வாய்ப்புகள் குறைவது சிலநேரம் ஒருவருக்கு வலிமை. இது சவுத்வொர்த்தின் படத்தில் வரைய முடியாத உண்மை.

பணத்துக்குப் பணம்தானே, எந்தப் பையில் இருந்தால் என்ன என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்கக் கடைகளின் விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்த ஹேஸ்டிங்ஸும் ஷப்பீரோவும் 2018-இல் வெளியிட்ட முடிவு: உணவு உதவியாக வரும் ஒவ்வொரு டாலரிலும் 50 முதல் 60 சென்ட் உணவுச் செலவைக் கூட்டுகிறது; ரொக்கமாக வரும் டாலர் அதைவிட மிகக் குறைவாகவே கூட்டுகிறது. மனிதர்கள் பணத்துக்குப் பெயரிட்டு ஒதுக்கி வைக்கிறார்கள். சமையலறை டப்பாக்களில் மளிகைக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று என்று நோட்டுகளை மடித்து வைத்த தலைமுறையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்காது.

இதையெல்லாம் சொன்ன பிறகு வெளிப்படுத்தப்பட்ட விருப்பத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அமர்த்தியா சென் 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையக் குற்றச்சாட்டு இது: ஒரு மனிதரின் தேர்வு, விருப்பம், நலன் மூன்றையும் ஒரே வரிசைக்குள் அடைத்துவிட்டோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் பெண் குறைவான உணவைத் 'தேர்ந்தெடுக்கிறார்'. அவரிடம் கேட்டாலும் எனக்கு இது போதும் என்பார். அந்தத் தேர்வை அவருடைய நலன் என்று எழுதி வைத்தால் அது அநீதி. சிலவற்றை அன்பினால் செய்கிறோம், சிலவற்றைக் கடமையினால் செய்கிறோம், சிலவற்றை வேறு வழியில்லாமல் செய்கிறோம். தேர்வைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே தேர்வு என்பது சாட்சியங்களில் ஒன்று, தீர்ப்பு அல்ல. அதற்காக அந்தச் சாட்சியத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதுவதற்கும் நியாயம் இல்லை.

புதுச்சேரி சொன்னது

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நீஹாஸும் சுக்தங்கரும் நிதி ஆயோக்குக்காக அந்த மாற்றத்தைச் சுற்றுச் சுற்றாகக் கண்காணித்தார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் பழைய ரேஷனையே கேட்டார்கள். நாளடைவில் பணத்தை விரும்புகிறவர்கள் கூடினார்கள். பணம் வந்து சேரவில்லை என்று சொன்னவர்களும் ஆய்வில் இருந்தார்கள். விருப்பம் கல்வெட்டு அல்ல, பழகப் பழக மாறக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று. பணத்தின் பக்கம் பேசுகிறவர்களுக்கு இதில் வலுவான வாதம் இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் புதுச்சேரியின் கதை அங்கே முடியவில்லை. புதுச்சேரி அரசு தன் செலவில் கொடுத்துவந்த இலவச அரிசியும் பணமாக மாற வேண்டும் என்றார் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றார் அப்போதைய முதல்வர் நாராயணசாமி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பணமே வென்றது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடினார்கள். கடையைத் திற என்ற குரல் தேர்தலுக்குத் தேர்தல் ஒலித்தது. 2024-இல் கடைகளை மீண்டும் திறந்து அரிசி வழங்கத் தொடங்கினார்கள்.

இரு தரப்பும் மக்களின் நலனைச் சொல்லியே வாதாடின. அட்டைதாரர் ஒவ்வொருவருக்கும் முன்னால் அரிசி, பணம் என்ற இரண்டு தட்டுகளையும் வைத்து எதை எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்ட பொருளை மற்றவருக்கும் ஒரே உத்தரவில் கொடுப்பதோ மறுப்பதோதான் நடந்தது. பாரெட்டோவிலிருந்து சாமுவல்சன் வரை இந்தக் கோட்பாட்டைக் கட்டியவர்கள் விட்டுச்சென்ற விதிக்கு இது நேர் எதிர். பணமே மேல் என்ற சவுத்வொர்த்தின் நிரூபணத்தின் சாரமே, வாய்ப்பு அதிகமானால் ஒருவர் கெட்டுப்போக மாட்டார் என்பது. அப்படியானால் மிக விரிந்த வாய்ப்பு எது? பணத்தை மட்டும் கொடுப்பதல்ல. அரிசியா பணமா என்ற தேர்வையே கொடுப்பது.

இதிலும் சிக்கல் உண்டு. ஒரு தெருவில் பாதிப்பேர் பணத்துக்கு மாறினால் அந்தக் கடை நட்டத்தில் ஓடும். கடை மூடினால் அரிசி கேட்ட மீதிப்பேரின் தட்டு காலியாகும். ஒருவரின் தேர்வு இன்னொருவரின் வாய்ப்பைச் சுருக்காமலிருக்க, எத்தனை பேர் மாறினாலும் கடை திறந்திருக்கும் என்று அரசு உறுதி தர வேண்டும். பணத்தின் தொகை ஊர்க் கடையின் அரிசி விலையோடு ஏறி இறங்க வேண்டும். எடுத்த முடிவை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்திக்கொள்ள வழி வேண்டும். பழைய சர்க்கரை அட்டை இந்தக் கடைசி விஷயத்தில் குறைபட்டது. மாறுவதற்கு அரசின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரேஷனைப் பணமாக மாற்றும் யோசனை இந்த நாட்டில் மறுபடி மறுபடி எழும். எழும்போது, தயவுசெய்து அட்டைதாரரைக் கேளுங்கள். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டு நிறுத்தாமல், அடுப்படியில் நிற்பவரையும் கேளுங்கள். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் அரிசி, சர்க்கரை என்ற பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு பணம் என்று ஒரு பிரிவைச் சேர்க்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.